திரைக்கு முதுகு காட்டி நின்ற செலக்டர் அருணகிரி அவர்களுக்கு

தொட்ட மாத்திரத்தில் தோலின் தரம் சொல்லும் விரல்களுக்கு உரியவரே! இருபத்தேழு ஆண்டுகள் மேசை முன் நின்றும் முகம் சுளிக்காத முதல் தர மனிதரே! சுண்ணாம்புக் கட்டியும் சாவிக்கொத்தும் சேர்ந்து சட்டைப்பை கிழிந்தாலும் சளைக்காதவரே! தொலைக்காட்சிப் பெட்டிக்குக் காவலரே, பிள்ளைகளுக்குக் கண்டிப்பானவரே, எங்கள் அன்புக்குரிய செலக்டர் அண்ணன் அருணகிரி அவர்களே! வணக்கம்.

உங்கள் பணி நிறைவு விழாவுக்கு இந்த மடலை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். டைம் ஆபீசில் வருகைப் பதிவேடு எழுதும் பரந்தாமன் நான். வாணியம்பாடிக்கு மாலை வகுப்புக்குப் போகிறேன், நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன் என்பவைதான் என் தகுதிகள். முதலில் மூன்று மடல்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நீங்கள் கடமையின் சிகரமாகவும் கருணையின் கடலாகவும் இருந்தீர்கள். படித்துப் பார்த்தபோது, பெயரை மாற்றினால் அது எந்த மேஸ்திரிக்கும் பொருந்தும் என்று தெரிந்தது. உங்கள் மேசைக்கு வந்திருந்தால் மூன்றின் மூலையிலும் 'ரிஜெக்ட்' என்று எழுதியிருப்பீர்கள். ஆகவே டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்ததையே எழுதுகிறேன். பிழை இருந்தால் மேடையிலேயே திருத்துங்கள். எப்படியும் திருத்துவீர்கள்.

1955-இல் ஈரத்தோல் சுமக்கும் கூலியாக, தோல் பதனிடும் இந்த டேனரிக்குள் வந்தவர் நீங்கள். ஏழு ஆண்டுகளில் தரம் பிரிக்கும் மேசைக்கு வந்துவிட்டீர்கள். விரித்த தோலின் மேல் ஒரு முறை உள்ளங்கை ஓடும். உண்ணிக்கடி, முள்ளுக்கீறல், சூட்டுத்தழும்பு, உரித்தவனின் கத்தி தவறிய இடம் எல்லாம் அந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும். மூலையில் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் எண் விழும். ஒன்று, இரண்டு, மூன்று, அல்லது ரிஜெக்ட். வெளிநாட்டுக்காரர் வந்து கேட்டாலும் சரி, முதலாளியே வந்து கெஞ்சினாலும் சரி, போட்ட எண்ணை நீங்கள் அழித்ததே இல்லை. இதை இங்கே குறித்துவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

1984 ஜூன் மாதம் நம் மனமகிழ் மன்றத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. நான் அப்போது வேலைக்குச் சேரவில்லை. தோல் பிளக்கும் எந்திரத்தில் வேலை செய்யும் கவுஸ் பாஷா அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவர் சொல்வதில் நாலில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு எழுதுகிறேன். குவார்ட்டர்ஸில் நாற்பது குடும்பங்கள். அத்தனைக்கும் அந்த ஒரே பெட்டி. அதைக் கெஸ்ட் ஹவுசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய மேனேஜரின் ஆசை.

"பொட்டிய லேபருக்குக் குடுக்கறதுல எனக்கு இஷ்டமில்ல அருணகிரி. பசங்க கெட்டுப்போறாங்கன்னு ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வரட்டும். அன்னிக்கே பொட்டி கெஸ்ட் ஹவுசுக்குப் போய்டும்."

"எழுதியே குடுக்கறேன் சார்" என்றீர்கள். கொடுத்தும்விட்டீர்கள். 'பிள்ளைகள் பார்க்கத் தகாத எதையும் என் பொறுப்பில் பார்க்கமாட்டார்கள்' என்ற அந்த ஒரு வரியும் கீழே உங்கள் கையெழுத்தும் இன்றும் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. அன்று முதல் பெட்டியின் மரக்கதவுச் சாவி உங்கள் சாவிக்கொத்தில் ஏறியது. நாற்பது குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் சொல்லில் தொங்கியது.

நீங்கள் அறிந்த முறை ஒன்றுதான். ஆகவே நிகழ்ச்சிகளையும் தோலைப் போலவே தரம் பிரித்தீர்கள். மன்றத்தின் வாசலில் கரும்பலகை வைத்து, முதல் தரம் எல்லோருக்கும், இரண்டாம் தரம் பத்து வயதுக்கு மேல், மூன்றாம் தரம் பெரியவர்களுக்கு, ரிஜெக்ட் என்றால் யாருக்கும் இல்லை என்று எழுதினீர்கள். பேப்பரில் படத்தின் பெயர் மட்டுமே வரும். பெயரை வைத்து எப்படித் தரம் சொல்வது? கொட்டகையில் அதை ஏற்கெனவே பார்த்தவரைத் தேடிப் பிடித்து விசாரிப்பீர்கள். "எத்தினி பாட்டு? மழை உண்டா?" இரண்டே கேள்விகள். மழை இல்லையென்றால் படம் ஒரு தரம் உயரும். மழையில் நாயகி நனைந்தால் இரண்டு தரம் இறங்கும். ஒரு முறை விவசாயி மழைக்காக ஏங்கும் நல்ல படம் ஒன்று, கடைசியில் மழை பெய்துவிட்டதால், மூன்றாம் தரத்துக்குப் போனது.

வயதை அறிய என்ன வழி? பிறந்த தேதி கேட்டால் பாதிப் பிள்ளைகள் "புயல் அடிச்ச வருஷம்" என்றார்கள். நீங்கள் கதவு நிலையில் இரண்டு கோடுகள் போட்டீர்கள். சிவப்புக்கோடு பத்து வயதுக்கு. நீலக்கோடு பதினெட்டுக்கு. நீலக்கோட்டுக்காக, அன்று டேனரியிலேயே குள்ளமான ஆளான கவுஸ் பாஷா அண்ணனை நிற்கவைத்து அவர் தலைக்கு மேல் பென்சில் வைத்தீர்கள். ஐந்தடி இரண்டு அங்குலம். சேலை கட்டியவர்களுக்குக் கோடு பார்ப்பதில்லை என்றும் ஒரு சலுகை இருந்தது. அடுத்த ஞாயிறே பன்னிரண்டு வயதுப் பெண்கள் மூன்று பேர் அம்மாவின் சேலையைத் தடுக்கித் தடுக்கி வந்து சேர்ந்தார்கள். சலுகை அன்றோடு முடிந்தது. சேலை கட்டிய குள்ளமானவர்கள் தம் பிள்ளை ஒன்றைச் சாட்சிக்குக் கூட்டிவர வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது.

நான் 1985-இல் வேலைக்குச் சேர்ந்தேன். வயது பத்தொன்பது. உயரம் ஐந்தடி.

15-9-1985, ஞாயிறு: 'மூன்றாம் தரப் படம். கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே. வெளியே நின்றேன். உள்ளே கைதட்டினார்கள். காரணம் தெரியவில்லை' என்று டைரியில் இருக்கிறது. மறுவாரம் பள்ளி இறுதிச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினேன். ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

"பேப்பர் எல்லாம் கரீட்டாத்தான் இருக்குது தம்பி. தோலுக்குக்கூட பேப்பர் ஒண்ணு வரும். நான் பேப்பரப் பாக்கறதில்ல."

அதே வாரம், தோலுக்கு மெருகேற்றும் ஃபினிஷிங் பகுதியில் வேலை செய்யும் ஆரோக்கியமேரி அக்காவின் மூத்த மகள் ஸ்டெல்லா, பதின்மூன்று வயது, ஐந்தடி நான்கு அங்குலம், தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள். படம் முடிந்து வந்தவளிடம் கதை என்ன என்று கேட்டேன்.

"ஒனக்கு வயசு வரட்டும்ணே. சொல்றேன்" என்றாள்.

உள்ளே நடந்ததையும் சொல்ல வேண்டும். செருப்புக்கு உள்ளே வைக்கும் மெல்லிய கறுப்பு ஆட்டுத்தோலைப் பெட்டி அகலத்துக்கு வெட்டி, உருளையில் சுற்றி, திரைக்கு மேல் மாட்டியிருந்தீர்கள். கயிற்றை விட்டால் தோல் இறங்கித் திரையை மூடும். இழுத்தால் ஏறும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் நிற்பீர்கள். ஆனால் திரையைப் பார்க்கமாட்டீர்கள். திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளின் முகத்தை மட்டுமே பார்ப்பீர்கள். பத்து முகங்களுக்கு மேல் கண் அகன்றால், அல்லது ஒரே நேரத்தில் நாலு பேர் உதட்டைக் கடித்தால், கயிறு தளரும், தோல் இறங்கும். குத்துச்சண்டைக்கும் இறங்கியது, கூடல் பாட்டுக்கும் இறங்கியது, குலோப்ஜாமூன் செய்வது எப்படி என்று காட்டியபோதும் இறங்கியது.

தோல் படத்தைத்தான் மறைக்கும், ஒலியை மறைக்காது. மூடிய திரைக்குப் பின்னால் பாட்டு ஓட, அங்கே என்ன நடக்கிறது என்று மன்றம் முழுவதும் அவரவர் அறிவுக்கு எட்டிய அளவு கற்பனை செய்தது. ஒரு நாள் தோல் இறங்கியது இறங்கியபடியே வெகுநேரம் இருந்தது. கவுஸ் பாஷா அண்ணன் பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

"தோஸ்த், பாட்டு முடிஞ்சி, படமே முடிஞ்சி, நியூஸ் வந்துட்சி. அந்தம்மா முழுசா புடவை கட்டிக்கினு ஒக்காந்து செய்தி வாசிக்குது. தோலைத் தூக்குப்பா, பேஜாராப் போச்சி!"

"பசங்க மூஞ்சி இன்னும் சரியாவல" என்று பதில் சொன்னீர்கள்.

படம் எப்படி என்று உங்களைக் கேட்டால், "நல்ல படம், ஆறு பசங்க அழுதாங்க" என்பீர்கள். "சுமார்தான், பின்வரிசை தூங்கிடுச்சி" என்பீர்கள். இப்படி மூன்று ஆண்டுகள் ஒரு புகாரும் இல்லாமல் ஓடின.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் இது உங்களைப் பற்றிய மடல் ஆகாது.

18-7-1987, சனிக்கிழமை, மாலை ஆறரை மணி. வகுப்பு இல்லாததால் நானும் இருந்தேன். விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. உரம், பூச்சி, நாற்று தவிர அதில் வேறொன்றும் வராது என்று நீங்கள் பலகையில் நிரந்தரமாக '1' போட்டிருந்தீர்கள். பதினான்கு பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். பெரியவர்கள் பீடி நாற்றத்தோடு பின்னால். திரையில் ஒரு பசுமாடு வந்தது.

மற்ற ஊர்களில் மாடு வந்தால் மாட்டைப் பார்ப்பார்கள். நம் ஊரில் தோலைப் பார்ப்பார்கள்.

"கழுத்தாண்ட பாரு, கம்பிக்கீறல்" என்றார் ஒருவர்.

"உண்ணி ஜாஸ்தி. மூணுக்குக் கீழதான் போவும்."

"இன்னாபா மூணு? தொடையில சூட்டுத்தழும்பு கீது. ரிஜெக்ட்டு!" என்றார் கவுஸ் பாஷா அண்ணன்.

அப்போதுதான் அது நடந்தது. மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக நீங்கள் திரையின் பக்கம் திரும்பினீர்கள். குனிந்து, கண்ணாடித் திரைமேல் உள்ளங்கையை வைத்துத் தடவினீர்கள். "தழும்பு இல்ல, நிழலு. ரெண்டாந்தரம்" என்றீர்கள். "மூணு!" என்றார்கள் பத்து பேர். "முதுக இன்னும் காட்டல, இரு" என்றீர்கள். மன்றம் இரண்டு கட்சியானது. நானும் கூர்ந்து பார்த்தேன். இரண்டா மூன்றா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவர் தோள் வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்பக்கம் போனதையும், சினை ஊசி போடுவது எப்படி என்று நிதானமாகச் செய்து காட்டியதையும் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பதினான்கு பிள்ளைகள் பார்த்தார்கள். அவர்களின் முகத்தைப் பார்க்க அன்று ஆளில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆரோக்கியமேரி அக்காவின் இளைய மகள், எட்டு வயது லூர்து, எழுந்து நின்றாள்.

"மாமா, அந்த டாக்டரு கைய எங்க வுட்டாரு?"

மாடு இரண்டாம் தரமா மூன்றாம் தரமா என்பதை அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு, குவார்ட்டர்ஸ் பின்புறம் பிள்ளைகள் மருத்துவர் விளையாட்டு விளையாடினார்கள். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்காரர்கள் காயப்போட்டிருந்த நீளக் கையுறையை லூர்து மாட்டிக்கொண்டாள். அது அவள் கழுத்து வரை வந்தது. கவுஸ் பாஷா அண்ணனின் வெள்ளாட்டை நோக்கி அவள் ஓர் அடி எடுத்து வைத்ததும், ஆடு கையுறையைப் பார்த்தது, முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பாலாற்று மணலில் தேடி மாலையில்தான் பிடித்தார்கள்.

திங்கட்கிழமை ஆரோக்கியமேரி அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ நல்லா எழுதுவியாமே. மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதணும். எம்பொண்ணு கேக்கற கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியல. வீட்டுக்காரு வெளியூர்ல. நான் யாரக் கேப்பேன்?"

அந்தப் புகாரை எழுதியவன் நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இன்று எல்லோர் முன்பும் சொல்கிறேன். தேதி, நேரம், பார்த்த பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் சரியாகப் போட்டேன். நல்ல தாளில் படியெடுத்தேன். நியாயமான புகார்தான். ஆனால் எழுதும்போது கதவு நிலையின் நீலக்கோடு என் நினைவில் இருந்ததா என்று அன்றிரவு டைரியில் கேட்டு வைத்திருக்கிறேன். பதில் எழுதும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

ஒரு புகார் போதும் என்பதுதானே ஒப்பந்தம்? வியாழக்கிழமை தொழிலாளர் நலக்குழு கூடும், பெட்டி கெஸ்ட் ஹவுசுக்குப் போகும் என்று செய்தி வந்துவிட்டது. குவார்ட்டர்ஸே இழவு வீடு போல ஆனது. நீங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. செவ்வாய் மாலை பலகையின் முன் வந்து நின்றீர்கள். பிறகு மேல்துண்டால், விவசாய நிகழ்ச்சிக்கு நேரே இருந்த '1' என்ற எண்ணை அழித்தீர்கள். அந்த இடத்தில் வேறு எண் எதுவும் போடவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் நீங்கள் அழித்த முதல் எண் அது.

புதன்கிழமை அந்தப் பதினான்கு பிள்ளைகளையும் மன்றத்துக்கு அழைத்தீர்கள். பெட்டி பூட்டியிருந்தது. முதன்முறையாக நாற்காலி போட்டு அவர்கள் எதிரே உட்கார்ந்தீர்கள். ஆரோக்கியமேரி அக்கா கைகட்டி வாசலில் நின்றார். நானும் நின்றேன், கோட்டுக்கு வெளியே.

"எம்மேல தப்பு. நான் தோலப் பாத்துக்கினு இருந்துட்டேன். கேக்கறதக் கேளுங்க" என்றீர்கள்.

கேட்டார்கள். நாங்கள் பயந்தது போல ஒன்றும் இல்லை. மாட்டுக்கு வலித்ததா என்று கேட்டார்கள். கன்று எப்போது வரும், காளையா கிடேரியா என்பது ஊசியிலேயே எழுதியிருக்குமா என்று கேட்டார்கள். டாக்டர் கை கழுவினாரா என்று லூர்து கேட்டாள். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒளிக்காமல், அவர்கள் வயதுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சொன்னீர்கள். உங்கள் காது மட்டும் சிவந்திருந்தது. ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை, "கேட்டுச் சொல்றேன்" என்றீர்கள். மறுநாள் காலை பஸ் ஏறிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவந்தும் சொன்னீர்கள். கேள்விகள் தீர்ந்ததும் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டி, விளையாட ஓடிவிட்டார்கள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். "எழுதிக் குடுத்தேன், காப்பாத்தல" என்றீர்கள். மேனேஜர் சாவியைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவர் கை நீளுவதற்குள் ஆரோக்கியமேரி அக்கா எழுந்தார்.

"சார், பொட்டி வாணாம்னு நான் எப்ப சொன்னேன்? பக்கத்துல ஒரு பெரிய ஆளு ஒக்காந்து, கொழந்த கேட்டா பதில் சொல்லணும். அதத்தான் சொன்னேன். தம்பி அத எழுதாம வுட்டுட்டாரு."

உண்மை. தேதியும் நேரமும் எழுதியவன் அதை விட்டுவிட்டேன். பேனாவை வாங்கி அக்காவே தாளின் அடியில் அந்த வரியை எழுதினார். மேனேஜர் இரண்டு முறை படித்தார். புகார் என்று போட்டிருந்த தாள் யோசனையாக மாறிவிட்டதால், பெட்டியைக் கொண்டுபோக அவருக்கு வழி இல்லாமல் போனது.

அன்று மாலை பலகையில் புதிதாக ஒரு தரம் சேர்ந்தது. '4 - பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டியது.' விவசாய நிகழ்ச்சிக்கு நேரே அதையே போட்டீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"லெட்டர் எழுதனது நீதானே?"

"ஆமாண்ணே."

"எழுத்து நல்லா இருந்துச்சி. தேதிகூட போட்டிருந்த." "நாலாந்தரத்துக்குப் பெரிய ஆளு பத்தல. சனிக்கிழமை வந்து லூர்து பக்கத்துல ஒக்காரு."

தலை குனியாமல், நிமிராமல், நீலக்கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். அன்று டைரியில் நான் எழுதியது ஒரு சொல்தான். 'பெரியவன்.' பிறகு சந்தேகம் வந்து கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறியை இப்போது அடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள். கோடுகள் மங்கின, நீங்கள் மறுபடி பூசவில்லை. தோல்திரை இறங்குவது குறைந்தது. பலகையில் நான்குகளே மிகுந்தன. ஆனாலும் நீங்கள் மட்டும் திரைக்கு முதுகு காட்டியே நின்றீர்கள். மறுபடி ஒரு மாடு வந்துவிடுமோ என்ற பயம் என்று கவுஸ் பாஷா அண்ணன் சொல்கிறார்.

எண் போட்டுத் தரம் பிரித்தவரே! இருநூறு ஞாயிறுகளுக்கு மேல் இம்மன்றத்தில் நின்றும் ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்காதவரே! பிள்ளைகளின் முகத்தில் ஓடிய படத்தை மட்டுமே பார்த்துப் பணி நிறைவு பெறுபவரே! இனி எங்கள் முறை. சாவி ஆரோக்கியமேரி அக்காவிடம் போகிறது. கயிற்றை ஸ்டெல்லா பிடிக்கிறாள். அவளுக்குப் பதினேழு வயதாகிவிட்டது, கைக்கு எட்டும் உயரமும் இருக்கிறது. எங்கள் அன்பளிப்பு ஒரு சாய்வு நாற்காலி. தோல் நம் டேனரியுடையது, முதல் தரம். மூலையில் நீங்கள் போட்ட எண்ணை அழிக்காமலே தைத்திருக்கிறோம்.

உங்கள் விரல்களின் கூர்மை குறையாமலும், கண்ணின் ஒளி மங்காமலும், முழங்கால் வலி கிட்டே வராமலும், அண்ணியோடும் மக்களோடும் நூறாண்டு நலமாக நீங்கள் வாழ வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

கடைசியாக ஒன்று. நாற்காலி மன்றத்தின் முன்வரிசையில், திரையைப் பார்த்தபடி போடப்பட்டிருக்கிறது. வருகிற ஞாயிறு மாலை படம். மழைப் பாட்டு இரண்டு உண்டு என்று விசாரித்துவிட்டோம். வாசல் பலகையில் உங்கள் பெயருக்கு நேரே தரம் எழுதியாகிவிட்டது. நான்கு. புரியாத இடம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். ஒரு பக்கம் லூர்து உட்காருவாள், மறுபக்கம் நான்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
தரம் பிரிப்பு, தோல் பிளப்பு, சுண்ணாம்புத் தொட்டி, ஃபினிஷிங் பகுதித் தொழிலாளர்கள், அலுவலகப் பணியாளர்கள் மற்றும் முன்வரிசைப் பிள்ளைகள்.

ஆம்பூர்,
30-6-1989